களத்தில் கடவுள்: உச்ச நிலை விளையாட்டு வீரர்களின் இறை நம்பிக்கை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதமடித்தவர் வானத்தைப் பார்க்கிறார், கோல் போட்டவர் சிலுவைக்குறி இடுகிறார், ஓடி முடித்தவர் தடத்திலேயே விழுந்து வணங்குகிறார். தொலைக்காட்சி நமக்குக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு கணத்தைத்தான். அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வீரரின் வாழ்வில் நம்பிக்கை என்ன வேலை செய்கிறது, அதற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: கடவுள் நம்பிக்கை இருந்தால் ஆட்டம் மேம்படுமா?

இந்தக் கேள்விக்கு ஆதாரமாகப் பலரும் எடுத்துக்காட்டுவது பாகிஸ்தான் மட்டையாளர் முகமது யூசுப்பின் கதையை. யூசுப் யோஹானா என்ற பெயரில் கிறிஸ்தவராக ஆடிவந்த அவர், 2005-இல் இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்தார். அடுத்த ஆண்டிலேயே, அதாவது 2006-இல், டெஸ்ட் போட்டிகளில் 9 சதங்களுடன் 1,788 ரன்கள் குவித்து, ஒரே நாட்காட்டி ஆண்டில் அதிக ரன் எடுத்தவர் என்று விவியன் ரிச்சர்ட்ஸ் 1976-இல் படைத்திருந்த சாதனையை முறியடித்தார். மதம் மாறியதும் மட்டை பேசத் தொடங்கிவிட்டது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நம்பிக்கையோடுதான் அதன் பிறகும் அவர் ஆடினார். அந்த எண்ணிக்கையை மீண்டும் நெருங்கவில்லை. மேலும், யோஹானாவாக இருந்த காலத்திலேயே அவர் உலகத் தரமான மட்டையாளர்தான். வழிபாட்டோடு வாழ்க்கையில் ஓர் ஒழுங்கும் மனத்தில் ஓர் அமைதியும் வந்திருக்கலாம். அதைத் தாண்டி ரன் கணக்கை இறைவனின் கணக்கில் எழுதினால், சுழியத்தில் ஆட்டமிழந்த நாள்களையும் அங்கேயே எழுத வேண்டியிருக்கும்.

இறுதிப் போட்டியில் இரு அணிகளிலும் பிரார்த்திப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: வெற்றியைத் தராது என்றால், அது என்னதான் செய்கிறது?

இதற்குப் பிரிட்டனின் ஜோனதன் எட்வர்ட்ஸைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. மும்முறைத் தாண்டுதலில் 1995 ஆகஸ்ட் 7 அன்று, ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், முதல் முயற்சியில் 18.16 மீட்டரும் இரண்டாவது முயற்சியில் 18.29 மீட்டரும் தாண்டியவர் அவர். ஆடவர் பிரிவில் அந்த 18.29 இன்றுவரை உலகச் சாதனையாக நிற்கிறது.

மதகுருவின் மகனான எட்வர்ட்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கும் வழிபாட்டுக்கும் உரியது என்று நம்பி வளர்ந்தவர். அதனாலேயே 1991-இல் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் அவர் பங்கேற்கவில்லை. 1993-இல் நெடுநாள் யோசனைக்குப் பின் தம் நிலையை மாற்றிக்கொண்டு, ஞாயிறன்றும் களமிறங்கத் தொடங்கினார். கொள்கையைத் தளர்த்திக்கொண்டார் என்று சிலர் கருதினர். தம் திறமையே இறைவன் கொடுத்த பொறுப்பு, அதை எங்கு வெளிப்படுத்தினாலும் வழிபாடுதான் என்பது அவருடைய புதிய புரிதல்.

2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றபோது, அவருடைய பையில் ஒரு மத்தி மீன் டப்பா இருந்தது. இரண்டு மீன்களையும் ஐந்து அப்பங்களையும் கொண்டு இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை அது அவருக்கு நினைவூட்டியது. என் கையில் இருப்பது இவ்வளவுதான், மீதி உன் பாடு என்று சொல்லிவிட்டு ஓடுபாதையில் நிற்கும் மனிதனின் தோள்கள், எல்லாமே என் காலில்தான் இருக்கிறது என்று நினைக்கும் மனிதனின் தோள்களைப் போல இறுகியிருக்காது. மும்முறைத் தாண்டுதலில் இறுக்கம் என்பது நேரடியாகச் சென்டிமீட்டர் கணக்கில் நட்டம்.

நம்பிக்கை செய்யும் வேலை இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது: முடிவின் பாரத்தை வீரரின் முதுகிலிருந்து ஓரளவு இறக்கி வைக்கிறது. கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்று நம் ஊரில் பேச்சுவாக்கில் சொல்வதும் ஏறக்குறைய இதே மனநிலையைத்தான். சொல்வது எளிது, ஆறு முயற்சிகளில் மூன்று தவறிய பிறகு அதே மனநிலையில் நிற்பதுதான் கடினம்.

கேள்வி: நம்பிக்கைக்காகப் போட்டியையே விட்டுக்கொடுத்தவர்கள் உண்டா?

உண்டு. எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எரிக் லிடெல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவர் அதில் ஓடவில்லை; ஞாயிறன்று ஓட வேண்டியிருந்த தொடரோட்டங்களையும் விட்டுவிட்டார். அந்த 100 மீட்டர் தங்கத்தை அவரோடு பிரிட்டன் அணியில் இருந்த ஹரால்ட் ஆபிரகாம்ஸ் வென்றார். லிடெல் 200 மீட்டரில் வெண்கலமும், 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கமும் பெற்றார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள், கப்பலேறும் நேரத்தில்தான் அட்டவணை அவருக்குத் தெரிந்ததாகவும் அங்கேயே மறுத்ததாகவும் சொல்வதுண்டு. அது உண்மையல்ல. பல மாதங்களுக்கு முன்பே அட்டவணையை அறிந்து, முடிவெடுத்து, 400 மீட்டருக்கென்று தனியாகப் பயிற்சி செய்துதான் அவர் பாரிஸுக்குப் போனார். நாடகத் தன்மை குறைந்தாலும், உண்மைக் கதையே மேலானது: உணர்ச்சி வேகத்தில் மறுப்பது ஒரு நாள் வேலை, மறுத்துவிட்டு மாதக்கணக்கில் வேறொரு தூரத்துக்கு உடலைப் பழக்குவது வேறு.

மறுவருடமே அவர் தாம் பிறந்த சீனாவுக்கு மதப்பணியாளராகத் திரும்பினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த வெய்ஷியன் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு, விடுதலைக்குச் சில மாதங்கள் இருக்கையில், 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக் கட்டியால் 43-ஆம் வயதில் இறந்தார். அந்த முகாமில் நடந்ததாக அவருடன் இருந்தவர்கள் நினைவுகூர்ந்த ஒன்று, பாரிஸ் கதையைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. முகாமின் சிறுவர்கள் ஞாயிறன்று ஹாக்கி விளையாட விரும்பினார்கள். லிடெல் தம் கொள்கைப்படி அதில் சேரவில்லை. நடுவர் இல்லாத ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு அவர் மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார். ஒலிம்பிக் தங்கத்துக்காக வளைக்காத விதியைச் சண்டை போடும் பிள்ளைகளுக்காக வளைத்தார்.

அமெரிக்கப் பேஸ்பால் வீரர் சாண்டி கோஃபாக்ஸ், 1965-ஆம் ஆண்டின் உலகத் தொடரில் முதல் ஆட்டம் யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாளில் வந்ததால் பந்து வீச மறுத்தார். அந்த ஆட்டத்தில் அவருடைய டாட்ஜர்ஸ் அணி தோற்றது. ஏழாவது ஆட்டத்தில் அவரே எதிரணியை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடாமல் வீசித் தொடரை வென்று கொடுத்தார். நியூசிலாந்தின் ரக்பி வீரர் மைக்கேல் ஜோன்ஸும் ஞாயிறு ஆட்டங்களை உலகக் கோப்பையிலேயே தவிர்த்தவர். விட்டுக்கொடுத்துவிட்டு வாழ்க்கையில் பெயர் வாங்காமல் போனவர்கள் இவர்களைவிட அதிகமாகவே இருப்பார்கள். வென்றவர்களின் கதைகள் மட்டுமே நம்மை எட்டுகின்றன என்பதை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

கேள்வி: ரமலான் நோன்புடன் எப்படிப் போட்டியிடுகிறார்கள்?

ஒரே விதமான பதில் இல்லை. விடியலிலிருந்து சூரியன் மறையும் வரை தண்ணீரும் அருந்தாமல் இருப்பது, உடலின் நீரளவையும் தூக்கத்தையும் பாதிக்கிறது. எனவே எந்த நேரத்தில் பயிற்சி செய்வது, நோன்பு திறந்த பின் எதை எவ்வளவு உண்பது, விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் உணவுக்குப் பிறகு எத்தனை மணி நேரம் தூங்குவது என்று அணி மருத்துவரும் உணவு ஆலோசகரும் சேர்ந்து திட்டமிடுகிறார்கள். கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் 1995 பிப்ரவரியில் நோன்பிருந்துகொண்டே ஆடி, அந்த மாதத்தின் சிறந்த வீரராக என்பிஏ அமைப்பால் தேர்வு செய்யப்பட்டார்.

மறுபக்கத்தில், பயணத்தில் இருப்பவர் நோன்பை ஒத்திவைத்துப் பின்னர் நிறைவேற்றலாம் என்ற சலுகை இஸ்லாத்திலேயே இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக் முழுவதும் ரமலான் மாதத்துக்குள் அமைந்தது. பிரிட்டனின் மோ ஃபரா நோன்பைத் தள்ளிவைத்து, 10,000 மீட்டர், 5,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஜூலையில் லண்டன் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா ஆட்டமிழக்காமல் 311 ரன்கள் எடுத்தார். தென்னாப்பிரிக்கர் ஒருவரின் முதல் டெஸ்ட் முச்சதம் அது. நோன்பிருந்தபடியே அவர் இதைச் செய்தார் என்று பரவிய செய்தியை அவரே மறுத்தார்: பயணத்தில் இருப்பதால் நோன்பு வைக்கவில்லை, ஊர் திரும்பியதும் ஈடுசெய்வேன் என்றார். அற்புதத்தைத் தம் பெயரில் ஏற்றிக்கொள்ளாத அந்த நேர்மைதான் இதில் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது.

போட்டியின் நடுவிலேயே வழி கண்டதும் உண்டு. 2021 ஏப்ரலில் லெஸ்டர் சிட்டிக்கும் கிரிஸ்டல் பேலஸுக்கும் இடையிலான இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டத்தில், ஏறக்குறைய அரை மணி நேரம் கழிந்த நிலையில், பேலஸ் கோல்காப்பாளர் தம் கோல் உதையைச் சற்றுத் தாமதித்தார். அந்த இடைவெளியில் லெஸ்டரின் வெஸ்லி ஃபொஃபானாவும் பேலஸின் செய்கு குயாத்தேயும் கோட்டோரம் வந்து நோன்பு திறந்தார்கள். இரு அணித்தலைவர்களும் நடுவரும் முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு. பிரான்ஸ் கால்பந்துக் கூட்டமைப்போ 2023-இல், நோன்பு திறப்பதற்காக ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்று நடுவர்களுக்கு அறிவுறுத்தியது.

எத்தியோப்பியத் தொலைதூர ஓட்டக்காரர்களில் பலர் அந்நாட்டின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபையின் நாட்காட்டியில் இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கும் நோன்பு நாள்கள் ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. அதைப் பற்றி ஏனோ யாரும் கேட்பதில்லை.

கேள்வி: தலைப்பாகை, ஹிஜாப் போன்றவற்றை விதிகள் அனுமதிக்கின்றனவா?

இன்று பெரும்பாலான சர்வதேச அமைப்புகள் அனுமதிக்கின்றன. ஆனால் அது தானாக வந்ததல்ல. 2011-இல் ஈரானின் மகளிர் கால்பந்து அணி, ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜோர்டானுடன் ஆட அம்மான் நகரில் களத்துக்கே வந்த பின், தலைத்துணி காரணமாக ஆட அனுமதிக்கப்படவில்லை. கழுத்து இறுகி விபத்து நேரலாம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2012-இல் சோதனை முறையில் தளர்த்தப்பட்ட தடை, 2014-இல் முழுமையாக நீங்கியது. 2023 மகளிர் உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபுடன் ஆடினார். வயது வரம்பில்லாத முதன்மை உலகக் கோப்பையில் அவ்வாறு ஆடிய முதல் வீராங்கனை அவரே.

கூடைப்பந்தில் சிக்கலைச் சந்தித்தவர்கள் இந்தியர்கள். 2014-இல் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில், சீக்கியர்களான அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் ஆகிய இருவரிடமும் தலைப்பாகையைக் கழற்றினால்தான் ஆடலாம் என்று கூறப்பட்டது. பிற வீரர்களுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய எதையும் அணியக் கூடாது என்ற பொது விதியைத் தலைப்பாகைக்கும் பொருத்தினார்கள். எதிர்ப்புகளுக்குப் பின் 2017-இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தலையணிகளுக்கான விதியை மாற்றியது. காயத்தைக் காரணம் காட்டியவர்கள், விதி மாறிய பின் தலைப்பாகையால் யாருக்குக் காயம் வந்தது என்று சொன்னதாகத் தெரியவில்லை.

பிரான்ஸ் இதில் தனி வழி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிற நாட்டினர் ஹிஜாப் அணியலாம், பிரான்ஸ் வீராங்கனைகள் மட்டும் அணியக் கூடாது என்ற நிலை இருந்தது. ஓட்டக்காரர் சுன்காம்பா சிலா தொடக்க விழாவில் தொப்பி அணிந்து பங்கேற்பதில் அந்த விவகாரம் முடிந்தது.

கேள்வி: விளம்பரங்களும் மதுவும் சிக்கலாகாதா?

ஆகும். பெரும்பாலும் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்க அணியின் சட்டையில் மது நிறுவனத்தின் சின்னம் இருந்த ஆண்டுகளில், ஆம்லாவின் சட்டையில் அது இருக்காது. 2022 ஜனவரியில் ஹோபார்ட்டில் ஆஷஸ் வெற்றியைக் கொண்டாடிய ஆஸ்திரேலிய வீரர்கள் ஷாம்பெயின் பீய்ச்சத் தொடங்கியதும் இஸ்லாமியரான உஸ்மான் கவாஜா மேடையிலிருந்து ஒதுங்கினார். அதைக் கவனித்த அணித்தலைவர் பாட் கம்மின்ஸ் புட்டிகளைக் கீழே வைக்கச் சொல்லி, கவாஜாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். விதி எதுவும் கேட்காத சின்னச் செயல்.

கேள்வி: களத்தில் நம்பிக்கையை வெளிப்படையாகக் காட்டலாமா?

உடலால் காட்டலாம், எழுத்தால் காட்டக் கூடாது என்று தோராயமாகச் சொல்லலாம். ஒலிம்பிக் சாசனத்தின் 50-ஆம் விதி அரசியல், மத, இனப் பிரசாரங்களைப் போட்டி இடங்களில் தடை செய்கிறது. கால்பந்து விதிகள் உடையிலும் உள்ளாடையிலும் மத வாசகங்களை அனுமதிப்பதில்லை. 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் பின் பிரேசிலின் காகா, நான் இயேசுவுக்குரியவன் என்று எழுதிய பனியனைக் காட்டியது போன்ற காட்சிகள் இப்போது அரிது.

ஆயினும், ஒரு காட்சியைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 2012 லண்டனில் மகளிர் 5,000 மீட்டர் இறுதி. 2004-இல் இதே ஓட்டத்தில் தங்கம் வென்றிருந்த எத்தியோப்பியாவின் மெசரெத் டெஃபார், கடைசி நேரப் பாய்ச்சலில் முந்திக் கோட்டைத் தொட்டார். நின்றதும் தம் மேற்சட்டைக்குள்ளிருந்து மடித்து வைத்திருந்த ஒரு படத்தை எடுத்தார். மரியாளும் குழந்தை இயேசுவும் இருக்கும் படம். முதலில் அதைக் கேமராவுக்குக் காட்டினார். பிறகு முகத்தோடு சேர்த்து வைத்து அழுதார். பன்னிரண்டரைச் சுற்று முழுவதும் அது அவருடைய வியர்வையோடு ஓடியிருக்கிறது. இதைப் பிரசாரம் என்று எந்த நடுவரும் சொல்லவில்லை.

கேள்வி: இது ராசி பார்ப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

கோடு மெல்லியது. டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் தம் தண்ணீர்ப் புட்டிகளை ஒரே கோணத்தில் அடுக்குவதைப் பலர் ராசி என்றார்கள். தம்மைச் சுற்றியுள்ளதை ஒழுங்குபடுத்தி மனத்தை ஆட்டத்தில் நிறுத்தும் வழி என்பது அவருடைய விளக்கம். ஜப்பானின் சூமோ மல்லர்கள் களத்தில் உப்பு வீசுவதோ அந்நாட்டின் ஷின்டோ சமய மரபின் தூய்மைச் சடங்கு. அதைச் செய்யும் மல்லர் மங்கோலியாவில் பிறந்தவராக இருந்தாலும் வீசியாக வேண்டும். எங்கள் அளவில் ஒரு சோதனை உண்டு: ராசி உங்களிடம் எதையும் கேட்பதில்லை, ஒரு கைக்குட்டையைத் தவிர. மதம் நாள் கேட்கும், உணவைக் கேட்கும், சில வேளை பட்டத்தையே கேட்கும்.

கேள்வி: பட்டத்தையே இழந்தவர் யார்?

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகமது அலி. 1964-இல் சோனி லிஸ்டனை வீழ்த்தி உலகச் சாம்பியனானதும் தாம் சேர்ந்திருந்த இஸ்லாமிய அமைப்பை வெளிப்படையாக அறிவித்துப் பெயரையும் மாற்றிக்கொண்டவர், 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவச் சேர்க்கைக்குப் பெயர் அழைக்கப்பட்டபோது முன்னால் அடியெடுத்து வைக்க மறுத்தார். வியட்நாம் போரில் பங்கேற்கத் தம் மதம் அனுமதிக்கவில்லை என்றார். பட்டம் பறிக்கப்பட்டது, குத்துச்சண்டை உரிமம் போனது, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் இருந்ததால் சிறை செல்லவில்லை. 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என்று அந்தத் தண்டனையை ரத்து செய்தது. குத்துச்சண்டை வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் 25 முதல் 28 வயது வரையிலான மூன்றரை ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

கேள்வி: தமிழ்நாட்டு வீரர்களிடம் இது எப்படி வெளிப்படுகிறது?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமாகித் திரும்பியதும், பழனி சென்று முருகனுக்கு முடி காணிக்கை செலுத்தினார். மொட்டைத் தலையுடன் அவர் வெளியிட்ட படத்துக்கு நம்மவர்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. சதுரங்க வீரர் பிரக்ஞானந்தாவின் நெற்றித் திருநீறும் அப்படித்தான். உலகப் பத்திரிகைகள் அதைக் குறிப்பிட்டு எழுதுகின்றன, இங்கே பிள்ளை பரீட்சைக்குப் போகும்போது அம்மா பூசிவிடுவதற்கும் அதற்கும் வேறுபாடு காண்பதில்லை.

மேலே பார்த்த மேற்கத்திய உதாரணங்கள் பலவற்றில் நம்பிக்கை என்பது மறுப்பாக வருகிறது: இந்த நாளில் ஓடமாட்டேன், இதை அணியமாட்டேன். நம் ஊரில் அது பெரும்பாலும் கடனாக வருகிறது. வேண்டிக்கொள்கிறோம், கிடைத்ததும் செலுத்துகிறோம். இதைக் கடவுளோடு நடத்தும் வியாபாரம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் வெற்றி பெற்ற மறுவாரம், அந்த வெற்றியை முழுக்கத் தனதென்று வைத்துக்கொள்ளாமல் முடியோடு சேர்த்து இறக்கி வைக்கும் பழக்கத்தில், அந்தக் கேலியில் அடங்காத ஒன்று இருக்கிறது.

கேள்வி: நம்பிக்கை போய்விட்டால் வீரர் என்ன ஆகிறார்?

மீண்டும் எட்வர்ட்ஸிடம்தான் வர வேண்டும். 2003-இல் அவர் ஓய்வு பெற்றார். பிபிசியின் கிறிஸ்தவ வழிபாட்டு நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்கியவர், 2007-இல் தமக்கு இனி கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆடிய காலத்தில் அந்த நம்பிக்கை தமக்கு விளையாட்டு உளவியல் போலப் பயன்பட்டது என்பதையும், அது உண்மையோ இல்லையோ பதற்றத்தைக் குறைத்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. விளையாட்டு நின்றதும், அதுவரை கேட்காமல் வைத்திருந்த கேள்விகளைக் கேட்க நேரம் கிடைத்தது.

டோக்கியோவில் விட்டுக்கொடுத்த 1991-ஆம் ஆண்டை என்ன செய்வது என்று யாரேனும் அவரைக் கேட்கலாம். அதற்கு அவரிடம் பழைய விடை இல்லை. கோத்தன்பர்க் மணலில் பதிந்த 18.29 மட்டும், தாண்டியவர் அன்று எதை நம்பினார் என்று கேட்காமல், பட்டியலின் முதல் வரியிலேயே இருக்கிறது.